சோடாவை உடைத்த சபாபதி: பிரெஞ்சுக் காதல் நகைச்சுவையும் தமிழும்

1660-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் மோலியேர் ஒரு சிறு நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றினார். செலி என்னும் இளம்பெண் தன் காதலனின் சிறிய உருவப்படமொன்றை வைத்திருக்கிறாள். தந்தையோ வேறொருவனுக்கு அவளை மணமுடிக்க நினைக்கிறார். துயரத்தில் அவள் தெருவில் மயங்கிச் சாய, படம் கைநழுவி விழுகிறது. அண்டை வீட்டு ஸ்கனரெல் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடிக்கிறான். சன்னலிலிருந்து அதைக் கண்ட அவன் மனைவி, கணவன் ஒரு பெண்ணைத் தழுவி நிற்கிறான் என்று கொள்கிறாள். கீழே வந்தவள் கையில் அந்தப் படம் அகப்படுகிறது. அவள் அதை வியந்து பார்க்கும் வேளையில் கணவன் பின்னால் வந்து நிற்கிறான். படத்திலிருப்பவன் அவளுடைய கள்ளக்காதலன் என்று முடிவுகட்டுகிறான். பிறகு காதலன் தன் படத்தை ஸ்கனரெல்லின் கையிலேயே கண்டு, தன் காதலி இவனை மணந்துகொண்டாள் என்று நினைக்கிறான். நான்கு பேர், நான்கு ஐயங்கள். ஒருவர் மேலும் குற்றமில்லை. எல்லாரையும் நிறுத்திவைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டு முடிச்சை அவிழ்ப்பவள் வீட்டுப் பணிப்பெண்.

இந்தக் கதை தமிழுக்கு வந்து சேர 282 ஆண்டுகள் ஆயின. வந்த வழி நேர்வழியன்று. 1761-இல் ஆர்தர் மர்ஃபி என்னும் நாடக ஆசிரியர் இதை விரித்து ஆங்கிலத்தில் எழுதி இலண்டனில் அரங்கேற்றினார். அந்த ஆங்கில நாடகத்தைக் கைக்கொண்டு மராத்தி நாடக ஆசிரியர் கோவிந்த பல்லாள் தேவல் 1893-இல் உரைநடை நாடகமொன்றை எழுதினார். அதுவே பின்னர்ப் பாடல்கள் சேர்க்கப்பெற்று, 1916-இல், ‘சங்கீத சம்சய கல்லோள்’ என்னும் இசைநாடகமாகப் பெரும்புகழ் பெற்றது. ஐயத்தின் பேரலை என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். தேவல் ஒரு வேடிக்கை செய்தார்: பாத்திரங்களுக்கு மாதங்களின் பெயரையும் விண்மீன்களின் பெயரையும் வைத்தார். ஐயப்படும் கணவன் ஃபால்குனராவ்; அவன் மனைவி கிருத்திகை; காதலன் அசுவின்; காதலி ரேவதி. பங்குனி கார்த்திகையை ஐயுறுவதும், ஐப்பசி ரேவதியைக் காதலிப்பதும் பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய மக்களுக்கு எத்தகைய சிரிப்பைத் தந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பிரெஞ்சு மூலத்தில் இல்லாத நயம் இது. பெயர்த்தெழுதுபவர் மூலத்துக்குக் கடன்பட்டவர் மட்டுமல்லர், சில வேளைகளில் மூலத்துக்குக் கடன் கொடுப்பவரும் ஆவார்.

1942-இல் சென்னையில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தயாரிக்க, சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய ‘என் மனைவி’ என்னும் படம் இந்த மராத்தி நாடகத்தின் தமிழ் வடிவம். ஐயப்படும் கணவனாகக் கே. சாரங்கபாணி நடித்தார். ஆகவே, தொடக்ககாலப் பிரெஞ்சுக் காதல் நகைச்சுவையொன்று தமிழ்த் திரைக்கு வந்ததுண்டா என்று மாணவர் கேட்டால், உண்டு என்று கூறலாம். ஆனால் அது வரும்போது அதன் மேல் பிரெஞ்சு மணம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு முறையும் மராத்தியில் ஒரு முறையும் குளித்தெழுந்து வந்த கதை அது.

இப்பொழிவுக்கு நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் சினிமாப் பேசலாமா என்று வினவினார். பேசலாம் என்பது என் எண்ணம். ‘என் மனைவி’க்குச் சற்று முன்பு வெளிவந்த இன்னொரு படம்தான் என்னை இந்த ஆராய்ச்சியில் இழுத்துவிட்டது. அதை ஒரு மொழியியல் பாடநூல் என்றே நான் கருதுகிறேன்.

1941 டிசம்பர் மாத நடுவில் வெளியான ‘சபாபதி’யும் மெய்யப்பச் செட்டியாரின் தயாரிப்பே. ஏ. டி. கிருஷ்ணசாமி அவருடன் இணைந்து இயக்கினார். மூலக்கதை பம்மல் சம்பந்த முதலியாருடையது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மேடையேறி நடிப்பது இழிவன்று என்று நிலைநாட்டியவர் அவர். ஷேக்ஸ்பியரைத் தழுவி ‘அமலாதித்யன்’ எழுதியவர் என்று நம் பாடநூல்கள் கூறும். மோலியேரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஸ்காப்பேன் என்னும் தந்திரக்கார வேலைக்காரனைக் காளப்பன் ஆக்கி ‘காளப்பன் கள்ளத்தனம்’ என்னும் நாடகத்தை எழுதினார். ஸ்காப்பேன், காளப்பன்: ஒலியும் ஒத்து வருகிறது, தமிழ்ப் பெயராகவும் நிற்கிறது. பெயர்களைத் தமிழ்ப்படுத்தும் கலையில் இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

‘சபாபதி’ எந்தப் பிரெஞ்சு நாடகத்தின் தழுவலும் அன்று. செல்வர் வீட்டு மகன் சபாபதி முதலியார் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேற முடியாமல் தவிக்கிறான். அவனுடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமானன் சபாபதியாக டி. ஆர். இராமச்சந்திரனும், வேலைக்காரச் சபாபதியாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். படித்த, அறிவுடைய பெண் சிவகாமி எசமானனுக்கு மனைவியாக வருகிறாள். அவள் சொல்லிக்கொடுக்க அவன் தேர்வில் தேறுகிறான். வேலைக்காரனுக்கும் ஒரு காதல் உண்டு; பணிப்பெண்ணாகச் சி. டி. இராஜகாந்தம். மேல்தளத்தில் ஒரு காதல், கீழ்த்தளத்தில் ஒரு காதல் என்னும் இவ்வமைப்பு மோலியேருக்கும் பழக்கமானதே.

மோலியேர் 1670-இல் எழுதிய நாடகமொன்றில் ழூர்தேன் என்னும் பணக்கார வணிகன் நடுவயதில் ஆசிரியர்களை வைத்துக் கல்வி கற்க முனைகிறான். நாற்பது ஆண்டுகளாகத் தான் பேசி வந்ததெல்லாம் உரைநடை என்று ஆசிரியர் வாயிலாக அறிந்து அவன் வியக்கும் காட்சி உலகறிந்தது. அவனும் சபாபதி முதலியாரும் உடன்பிறந்தார் போன்றவர்கள்; செல்வம் உண்டு, கல்வி ஏறவில்லை, ஆசிரியர்கள் வந்து போகிறார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. ழூர்தேன் கற்க முனைந்தது தன் சொந்த மொழியின் இலக்கணத்தை. சபாபதி முட்டி மோதியதோ அயல்மொழித் தேர்வுடன். 1941-இன் சென்னைப் பார்வையாளர் அவனைக் கண்டு சிரித்தபோது, ஆங்கிலத்தில் தவறிய தம்மையும் தம் பிள்ளைகளையும் எண்ணியே சிரித்திருப்பர். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஆறுதலும் இருந்திருக்கும்.

இனிச் சோடாவுக்கு வருகிறேன். எசமானன் வேலைக்காரனிடம் சோடாவை உடைத்துக் கொண்டுவரச் சொல்கிறான். வேலைக்காரன் புட்டியையே உடைத்துவிடுகிறான். அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நினைவில் நிற்கும் காட்சி இது. கழுத்தில் கோலிக்குண்டு அடைத்த அந்தப் புட்டியை ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870-களில் உருவாக்கினார். குண்டை உள்ளே அழுத்தினால் ‘டொப்’ என்னும் ஓசையுடன் வாய் திறக்கும். அந்த ஓசைக்காகவே தமிழர் அதைத் ‘திறத்தல்’ என்னாமல் ‘உடைத்தல்’ என்றனர் போலும்.

மாணவர்கள் இவ்விடத்தில் நன்னூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ‘சோடா’ என்பது புட்டியினுள் இருக்கும் நீரின் பெயர். நீரை உடைக்க இயலாது. ஆகவே அச்சொல் நீரைக் கொண்டிருக்கும் புட்டிக்கு ஆகிவந்தது. பாலை இறக்கு என்றால் பால் உள்ள பாத்திரத்தை இறக்குவது போல. இது தானியாகுபெயர். வேலைக்காரச் சபாபதி இந்த ஆகுபெயரைச் சரியாகவே அறிந்துகொண்டான். ‘உடை’ என்னும் வினைக்கும் அகராதி தரும் முதற்பொருளையே கொண்டான். இலக்கணத்தேர்வு வைத்தால் அவனுக்கு முழுமதிப்பெண் கொடுக்க வேண்டும். அவன் தவறியது இலக்கணத்தில் அன்று, வழக்கில். சொற்களைத் தனித்தனியே அறிந்தவனுக்கும் ஒரு தொடரின் பொருள் விளங்காமல் போகலாம். விளங்க வேண்டுமானால் அம்மக்களிடையே அவன் வாழ்ந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் பல கோட்பாடுகளின் துணையுடன் விளக்கியதைக் காளி என். ரத்தினம் ஒரு புட்டியை உடைத்து விளக்கிவிட்டார்.

இதற்கு எதிர்முனையில் ஒரு பிரெஞ்சுப் படத்தை நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். 1931-இல் ரெனே கிளேர் இயக்கிய ‘லெ மில்லியோன்’ பேசும்பட யுகத்தின் தொடக்கத்தில் வந்த காதல் நகைச்சுவை. அதுவும் மேடை நாடகமொன்றிலிருந்து பிறந்ததே. கடன்பட்ட ஓவியன் ஒருவனுக்குப் பரிசுச்சீட்டில் பெருந்தொகை விழுகிறது. சீட்டோ அவனுடைய பழைய மேற்சட்டைப் பையில் இருக்கிறது. அவனுடைய காதலி, இரக்கப்பட்டு, அந்தச் சட்டையைக் காவலரிடமிருந்து தப்பி ஓடிவந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் ஒரு திருடன். சட்டை கைமாறி ஓர் இசைநாடகப் பாடகரிடம் போய்ச் சேர, நகரமே அதன் பின்னால் ஓடுகிறது. மோலியேரின் உருவப்படம் செய்த வேலையை இங்கே மேற்சட்டை செய்கிறது.

கிளேர் பேச்சை நம்பாதவர். ஒலி வந்ததும் திரைப்படம் வெறும் பேச்சு மேடையாகிவிடும் என்று அஞ்சியவர். அதனால் அவருடைய காதலர் தம் ஊடல் தீரும் காட்சியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இசைநாடக மேடையில், காட்சித் தட்டியின் மறைவில், இருவரும் அகப்பட்டுக்கொள்கின்றனர். முன்னால் பருத்த பாடகர் இருவர் காதல் பாட்டு பாடுகின்றனர். அந்தப் போலிக் காதலரின் சொற்களே இந்த மெய்க்காதலரின் மனத்தைச் சேர்த்துவைக்கின்றன. தமிழில் அதே 1931-இல் வெளியான முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்: டி. பி. இராஜலட்சுமி தமிழில் பேச, கதைத்தலைவன் தெலுங்கில் பேசினான். பேசுவதே அதிசயமாக இருந்த காலம். எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. அங்கிருந்து, பேச்சின் நுணுக்கத்தையே நகைப்பாக்கிய ‘சபாபதி’ வரை பத்தே ஆண்டுகள். பிரெஞ்சுக்காரர் சொல்லைக் குறைத்து அடைந்த இடத்தைத் தமிழர் சொல்லைத் துருவி அடைந்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது. எது உயர்ந்தது என்னும் வழக்கில் நான் இறங்கவில்லை.

சென்னை மக்கள் ‘சபாபதி’யைக் கண்டு சிரித்த நாள்களில் பேராவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பர் 8-இல் சப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். மாத இறுதிக்குள் ஈப்போ அவர்கள் வசமாயிற்று. டிசம்பர் 30 முதல் சனவரி 2 வரை கம்பாரில் போர் நடந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் நின்றது. ஆகவே ‘சபாபதி’யும் ‘என் மனைவி’யும் வெளிவந்த காலத்தில் நம்மிடம் வரவில்லை. அவற்றைக் கண்டு சிரித்திருக்க வேண்டிய இளைஞர் பலர் சயாமில் இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். என் பாட்டனார் அவர்களுள் ஒருவர். அவர் திரும்பவில்லை.

பத்து காஜாவுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில் நான் ‘சபாபதி’யைப் பார்த்தது அறுபதுகளின் பிற்பகுதியில். பட நிறுவனங்கள் பழைய சுருள்களைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும். சம்பள நாளையொட்டி, பெரட்டுக் களத்தில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்திலிருந்து பாயும் பலகையும் வரும். கிராணியார் குடும்பத்துக்கு நாற்காலி. துணியின் மறுபுறம் அமர்ந்தவர்களுக்குப் படம் இடம்வலம் மாறித் தெரியும். அதைப் பற்றி யாரும் வருந்தியதில்லை. என் அப்பாயி வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

சோடாப் புட்டி உடைந்தபோது களம் அதிர்ந்தது. சிறுவர் நாங்கள் வேலைக்காரனின் மடமையைக் கண்டு சிரித்தோம். பெரியவர்களின் சிரிப்பு வேறு வகையானது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர்கள் அவனுக்காகச் சிரித்தனர். தோட்டத்தில் ஆணை வருவது ஒரே வடிவில்தான்: வா, போ, வெட்டு, தூக்கு. ஒருமை ஏவல் வினை. இலங்கையிலும் மலாயாவிலும் வெள்ளைத் துரைமார் தமிழ் கற்பதற்கென்றே கையேடுகள் அச்சிடப்பட்டன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பது. அந்தத் தமிழில் வேண்டுகோள் இல்லை, வியங்கோள் இல்லை, பன்மை மரியாதை இல்லை. அத்தகைய மொழியில் ஏவப்படுபவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே உரிமை, ஏவியதை எழுத்துப் பிசகாமல் செய்வது. மரத்தடியைத் துப்புரவாக்கு என்றால் துரை நட்டுவைத்த பூச்செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல நிற்பது. இப்படிப்பட்ட கதைகள் எங்கள் லயத்தில் ஏராளம். சபாபதியின் மடமையை அவர்கள் அறிவார்கள். அது எவ்வளவு பயனுள்ளது என்பதையும் அறிவார்கள். ஸ்கனரெல்லின் வீட்டுத்தெருவில் முடிச்சை அவிழ்த்த பணிப்பெண்ணும், புட்டியை உடைத்த வேலைக்காரனும் எதிரெதிர் வழியில் சென்று ஒரே வேலையைச் செய்தவர்கள்.

தோட்டத்துரைமார் அனைவரும் அந்தக் கையேட்டுத் தமிழோடு நின்றனர் என்று கூறுவது நியாயமாகாது. சிலாங்கூரில் தோட்டம் நடத்திய ஆன்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், இந்நாட்டுத் தோட்டவாழ்வை வைத்து எழுதிய ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றார். தமிழ்த் தொழிலாளர் அக்கதையில் வருகின்றனர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-இல் உருவாக்கியவரும் அவரே. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். ‘தென்னைமரம்’ அன்று, ‘தென்னமரம்’. ஐகாரம் அகரமாகக் குறுகிய பேச்சுவடிவம் அப்படியே நிலப்படத்தில் ஏறிவிட்டது. செம்பனைக்குப் புகழ்பெற்ற இடத்துக்குத் தென்னையின் பெயர் என்பது தனி வேடிக்கை. நம் புலவர்கள் பெயர் சூட்டியிருந்தால் தெங்கம்பொழில் என்றிருப்பார்கள். நம் பாட்டன்மார் பேசியது எப்படி என்பதற்குச் சான்று ஒன்று குறைந்திருக்கும்.

படம் பார்த்த அடுத்த வாரம் தோட்டப் பள்ளியில் ‘நான் கண்ட ஒரு காட்சி’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். கித்தா மரங்களுக்கு நடுவே துணி கட்டியதையும், படம் காட்டும் வண்டி சடக்கில் வந்ததையும், சோடா உடைந்ததையும் எழுதினேன். கித்தா, சடக்கு என்னும் சொற்களைச் சிவப்பு மையால் அடித்து, இரப்பர், சாலை என்று திருத்தியிருந்தார் ஆசிரியர். அதில் குறையில்லை, எழுத்துத்தமிழ் கற்பிப்பது அவர் கடமை. ஆனால் ‘கூலிக்காரப் பேச்சு’ என்று ஓரத்தில் எழுதி, அதை வகுப்பில் உரக்கப் படிக்கவும் வைத்தார். பிறகு பல ஆண்டுகள் நான் அப்பாயியோடு பேசும்போதுகூட அச்சொற்களைத் தவிர்த்தேன். அவர் என்னிடம் பேசுவது மெல்லக் குறைந்தது. பேரன் படித்துவிட்டான் என்று மற்றவர்களிடம் பெருமையாகத்தான் கூறினார்.

கித்தா மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மரத்தோடு சேர்ந்து பிறந்த சொல். இரப்பர் ஆங்கிலம். ஓர் அயற்சொல்லை நீக்கி இன்னோர் அயற்சொல்லை வைப்பதைத் தூய்மை என்று எங்களுக்குக் கற்பித்தார்கள் என்பதை நான் ஆய்வு மாணவனானபோதுதான் கண்டேன். 1959-இல் சார்லசு ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஹெயிட்டி நாட்டின் பிரெஞ்சும் கிரியோலும் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே மக்கள் தாம் நாள்தோறும் பேசும் கிரியோலை ஒரு மொழியே இல்லை என்பார்களாம். அதைப் படித்த அன்று எனக்கு நினைவு வந்தது அந்தச் சிவப்பு மை. இன்று பேராவில் பல தோட்டங்கள் செம்பனைக் காடாகிவிட்டன. லயங்கள் இல்லை. மக்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் போய்விட்டார்கள். கித்தாவோடு பிறந்த தோட்டச் சொற்களை இயல்பாகச் சொல்லும் வாய்கள் எண்பது வயதைக் கடந்தவை. அவற்றைத் தொகுத்து வைக்க நம் பள்ளிகளில் ஒரு பாடவேளை ஒதுக்கலாகாதா என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் வீட்டிலேயே தகவலாளர் இருக்கக்கூடும்.

அன்றிரவு படம் முடியவில்லை. சபாபதி தேர்வு எழுதுவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது, துணியைச் சுருட்டிவிட்டார்கள். முடிவு என்ன என்று வழியெல்லாம் நான் அழுதேன். லயத்துக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டு, அப்பாயி முடிவைக் கூறினார். பரீட்சையில் பாஸானது வேலைக்காரச் சபாபதிதானாம். “பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே, கடுதாசில சபாபதின்னுதானே போட்டிருந்துச்சு? இவன் போயி வாங்கிக்கிட்டான்” என்றார். உண்மையான முடிவை நான் பார்த்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. அப்பாயி அப்போதும் உயிரோடு இருந்தார். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.